ஏழாம் அத்தியாயம்: ஒளியின் வரவும் விசைகளின் செலவும்

எழுதுகிறவனின் மேஜைமீது ஜன்னல் வழியாக நாள்தோறும் வந்து விழுந்து, யாருக்கும் பயன்படாமலே மாலையில் மறைந்துபோகிற வெளிச்சத்தைக் கொண்டே அவனுடைய விசைப்பலகையை இயங்கச் செய்ய முடியுமா என்பதுதான் இந்த அத்தியாயம் எடுத்துக்கொள்ளும் கேள்வி. முடியும் என்பது என் அனுபவம். ஆனால், சூரிய சக்தி என்ற சொல்லைக் கேட்டவுடன் மொட்டைமாடியில் வெயிலை வாரிக்கொள்கிற பெரிய தகடுகளை நினைத்துக்கொண்டு, அதே தாராளத்தை ஓர் அறைக்குள் கிடக்கும் மேஜையிடமும் எதிர்பார்த்து இந்த வேலையைத் தொடங்குகிறவர்கள், பாதி வழியில் மனம் சோர்ந்து, கருவியைப் பரணில் போட்டுவிடுவதையும் கண்டிருக்கிறேன். அறையின் வெளிச்சம் தருவது சிறு வருமானம். அந்தச் சிறு வருமானத்துக்குள் குடும்பம் நடத்தத் தெரிந்த ஒரு கருவியைச் சமைப்பதே நாம் கற்க வேண்டிய கலை.

நாம் செய்யப்போவது 68 விசைகள் கொண்ட பலகை. அகலம் ஏறத்தாழ 305 மி.மீ. விசைகளுக்கு மேற்புறம், அதாவது கணினித் திரையை நோக்கிய விளிம்பில், சூரியத் தகடுகள் ஒரு வரிசையாகப் பதிந்திருக்கும். இரு பக்கங்களிலும் கைப்புறத்திலும் மரச் சட்டங்கள். கணினியோடு பேசுவதற்குக் கம்பியில்லை; புளூடூத் ஒன்றே வழி.

இந்த எண்ணம் புதிதன்று. 1976-இல் ஷார்ப் நிறுவனம் சூரிய ஒளியால் இயங்கும் கணக்குப்பொறியை வெளியிட்டது. 1980-இல் சான்யோ நிறுவனம், அறைவெளிச்சத்திலேயே திருப்தியடைகிற உருவற்ற சிலிக்கன் கலங்களை வியாபார ரீதியில் உற்பத்தி செய்யத் தொடங்கியபின், அத்தகைய கணக்குப்பொறி கடைவீதிகள்தோறும் பரவிற்று. விசைப்பலகைக்கு 2010-இல் லாஜிடெக் நிறுவனத்தின் கே750 வழிகாட்டியாக வந்தது. விசைகளுக்கு மேல் இருபுறமும் தகடுகள், உள்ளே நாணயம் போன்ற ஒரு சிறு மின்கலம், முழுதும் நிரம்பியபின் முற்றிலும் இருளில் வைத்தாலும் மூன்று மாதம் உழைக்கும் என்ற உறுதி ஆகிய இவ்வளவும் அதில் இருந்தன. அதன் விசைகள் மெல்லிய தட்டை விசைகள், உடல் பிளாஸ்டிக். விரலுக்கு உறுதியான பதில் சொல்லுகிற இயந்திர விசையையும், கைக்கு இதமான மரத்தையும் அந்த வழியிலேயே சேர்த்துக்கொள்வதுதான் நம்முடைய முயற்சி.

கணக்கு முதலில், கைவேலை பின்னர்

உளியையோ ஈயக்கோலையோ கையில் எடுக்குமுன் ஒரு தாளை எடுத்து வலப்பக்கம் செலவையும் இடப்பக்கம் வரவையும் எழுதிக்கொள்ள வேண்டும். இந்தத் தாள் இல்லாமல் தொடங்கிய எந்தச் சூரியக் கருவியும் நெடுநாள் நிலைத்து நான் கண்டதில்லை.

செலவை முதலில் பார்ப்போம். விரல்கள் உண்மையாகவே விசைகளின்மேல் ஓடிக்கொண்டிருக்கும் பொழுது 350 மைக்ரோ ஆம்பியர், கணினியோடு தொடர்பு மட்டும் வைத்துக்கொண்டு சும்மா இருக்கும் பொழுது 40, ஆழ்ந்த உறக்கத்தில் 15 என்று வைத்துக்கொள்வோம். இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொள்ளும் எண்கள்; உங்கள் பலகையை அளந்தபின் உங்கள் எண்களை இந்த இடத்தில் இட்டுக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் தட்டச்சு, ஐந்து மணி நேரம் காத்திருத்தல், பதினாறு மணி நேரம் உறக்கம் என்றால் மொத்தம் ஏறத்தாழ 1.5 மில்லி ஆம்பியர்-மணி ஆகும். 3.7 வோல்ட் மின்கலத்திலிருந்து இது எடுக்கப்படுவதால், சக்தியின் கணக்கில் 5.5 மில்லிவாட்-மணி. இதனோடு, எந்த வேலையும் செய்யாமலே மின்கலம் தனக்குள் கசியவிடுகிற பங்கையும் சேர்க்க வேண்டும். 300 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள லித்தியம் கலம் மாதத்துக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு கசிகிறது என்று கொண்டால் நாளொன்றுக்கு 0.7 மில்லிவாட்-மணி. ஆக, நாட்செலவு 6.2.

இனி வரவு. வெயிலில் நேரே நின்றால் ஒளியின் அளவு ஒரு லட்சம் லக்ஸ். ஆனால் விளக்கெரியும் ஓர் அறையின் மேஜைமீது 200 முதல் 500 லக்ஸ்தான். ஜன்னலோரம் பகலில் 2,000 லக்ஸ் கிடைக்கலாம். அமார்ட்டன் என்ற பெயரில் வருகிற உருவற்ற சிலிக்கன் தகடுகளில் ஏஎம்-1801 என்பது 53 மி.மீ. நீளமும் 25 மி.மீ. அகலமும் கொண்டது, 200 லக்ஸ் ஒளியில் 3 வோல்ட்டில் 18.5 மைக்ரோ ஆம்பியர் தருகிறது. அந்த அளவுள்ள ஐந்து தகடுகளை வரிசையாக வைத்தால் 265 மி.மீ. ஆகி நம் பலகையின் அகலத்துக்குள் அடங்கும். ஐந்தும் சேர்ந்து 200 லக்ஸில் 0.28 மில்லிவாட், ஒளி பெருகப் பெருக ஏறத்தாழ அதே விகிதத்தில் வரவும் பெருகும். வந்ததில் கால் பங்கு மாற்றுச் சுற்றில் நஷ்டமாகும் என்று கழித்துவிட்டுப் பார்த்தால், 200 லக்ஸ் அறையில் எட்டு மணி நேரத்துக்கு 1.7 மில்லிவாட்-மணி; 500 லக்ஸ் அறையில் 4.2, ஜன்னலோரத்தில் 2,000 லக்ஸில் மூன்றே மணி நேரத்துக்கு 6.2.

இந்த மூன்று எண்களையும் நாட்செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மங்கலான அறையில் நாள்தோறும் 4.5 குறைகிறது, ஆயினும் நிரம்பிய மின்கலத்தில் 1,110 மில்லிவாட்-மணி இருப்பதால் ஏட்டுக்கணக்கில் எட்டு மாதம் தாங்கும். நல்ல வெளிச்சமுள்ள அறையில் குறைவது 2 மட்டுமே; ஒன்றரை ஆண்டு ஓடும். காலையில் மூன்று மணி நேரம் ஜன்னலோரத்தில் வைத்துப் பழகினாலோ வரவும் செலவும் சரிக்குச் சரியாகி, மின்கம்பியின் நினைவே இல்லாமல் போகும். எல்லாத் தீர்மானங்களும் இந்த ஒப்பீட்டிலிருந்தே பிறக்கின்றன.

விசைகளுக்கடியில் வண்ண விளக்குகள் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கும் இந்தத் தாளே பதில் சொல்லும். தனித்தனியே நிறம் மாறும் அந்த விளக்கு ஒன்று, எரியாமல் இருண்டு கிடக்கும்போதே அரை மில்லி ஆம்பியருக்குக் குறையாமல் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மில்லி ஆம்பியர்-மணி, அதாவது நம் பலகையின் மொத்தச் செலவைப்போல் எட்டு மடங்கு, அணைந்த ஒரே விளக்குக்குப் போய்விடும். ஆகையால் இந்தப் பலகையில் விளக்கு வேண்டாம். சிறு திரையும் வேண்டாம்.

தகட்டைத் தேர்வதும் இடமறிந்து வைப்பதும்

மொட்டைமாடியில் பயன்படுகிற படிகச் சிலிக்கன் தகடு வெயிலில் வல்லது. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களையும் அது கிரகித்துக்கொள்ளும். ஆனால் அறையின் விளக்கில் அந்தக் கதிர்கள் அரிது. மேலும், ஒளி குறைந்தால் அத்தகடு தன் உட்கசிவினாலேயே சோர்ந்துவிடும். உருவற்ற சிலிக்கனோ வெயிலில் சாதாரணம். கண்ணுக்குத் தெரியும் ஒளியில், அதிலும் மங்கலான ஒளியில், அதன் சாமர்த்தியம் வெளிப்படும். அறைக்குள் வாழப்போகிற கருவிக்கு அறைக்குள் வாழத் தெரிந்த தகடே பொருத்தம்.

தகட்டின் உள்ளே பல கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டிருக்கின்றன. தொடுக்கப்பட்ட கலங்களில் ஒன்றின்மேல் நிழல் விழுந்தாலும், வாய்க்காலின் நடுவில் மண் சரிந்தால் கடைமடைக்கு நீர் எட்டாததுபோல, முழுத் தகட்டின் மின்னோட்டமும் தடைப்படும். உள்ளங்கை தங்கும் கீழ்விளிம்பில் தகட்டைப் பதிப்பது பார்வைக்கு அழகாக இருக்கலாம். நாள் முழுதும் கையின் நிழலில் கிடக்கும் அந்தத் தகடு எதையும் ஈட்டாது. விசைகளுக்கு மேற்புறமே உரிய இடம். அங்கும் திரையின் நிழல் விழாதபடி திரையைச் சற்று உயர்த்தி, பலகையை ஐந்து முதல் ஏழு பாகைவரை சாய்த்து வைப்பது நல்லது. ஐந்து தகடுகளையும் பக்க இணைப்பாகவே கோக்க வேண்டும். அப்போதுதான் ஒன்றின் நிழல் மற்ற நான்கையும் பாதிக்காது.

இன்னொரு சூக்ஷ்மம் உண்டு. மேலே அளவுகோலாகச் சொன்ன ஏஎம்-1801 தகட்டின் சுமையற்ற மின்னழுத்தம் 200 லக்ஸிலேயே 4.9 வோல்ட், வெயிலில் வைத்தால் அது இன்னும் ஏறும். அடுத்துச் சொல்லப்போகிற மாற்றுச்சில்லின் உள்வாயில் தாங்கும் எல்லை 5.1 வோல்ட். ஆதலின் அதே பரப்புள்ள, ஆனால் தொடர்கலங்கள் குறைந்த, வெயிலிலும் 4 வோல்ட்டைத் தாண்டாத தகடுகளாகப் பார்த்து வாங்குங்கள். மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டம் அந்த அளவு கூடும்; பரப்பு ஒன்றாயின் வரவும் ஏறத்தாழ ஒன்றே.

சேமிப்பும் அதன் காவலும்

தகட்டையும் மின்கலத்தையும் நேரே பிணைத்துவிடலாமே என்று தோன்றும். தகடு தன் முழு ஆற்றலையும் தருவது ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தத்தில் மட்டுமே. மின்கலத்தின் மின்னழுத்தமோ அதற்கு வேறானது. இரண்டுக்கும் நடுவே நின்று, தகட்டை அதற்கு உகந்த நிலையில் வைத்துக்கொண்டு, வந்த சிறு துளிகளை மின்கலத்துக்கு ஏற்ற அழுத்தத்துக்கு உயர்த்தி ஊற்றுகிற இடைத்தரகனாக டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் பிக்யூ25570 என்ற மாற்றுச்சில்லு பயன்படும். பதினாறு வினாடிகளுக்கு ஒருமுறை அது தகட்டின் சுமையற்ற மின்னழுத்தத்தை அளந்து, அதில் 80 விழுக்காட்டில் தகட்டை நிறுத்துகிறது. தனக்கென்று அது எடுத்துக்கொள்ளும் கூலி அரை மைக்ரோ ஆம்பியர் அளவே. ஐந்து வோல்ட் அடாப்டருக்கென்று ஏற்பட்ட சாதாரண மின்னேற்றிப் பலகைகளை இந்த இடத்தில் வைத்தால், அவை தங்கள் காவற்கூலிக்கே வரவு முழுவதையும் எடுத்துக்கொள்ளும்.

மின்கலத்தைப் பெரிதாக வாங்கினால் நீண்ட நாள் வரும் என்பது பொதுவான அபிப்பிராயம். கம்பியில் ஏற்றும் கருவிகளுக்கு அது உண்மை. ஒளியில் வாழும் கருவிக்குப் பெரிய கலம் பெரிய ஓட்டைப் பானையாகும். 2,000 மில்லி ஆம்பியர்-மணிக் கலம் தன்னுள் கசியவிடுவதே நாளொன்றுக்கு ஐந்து மில்லிவாட்-மணிக்கு அருகில் வரும். ஏறத்தாழ நம் தட்டச்சுச் செலவு முழுவதற்கும் அது சமம். 300 மில்லி ஆம்பியர்-மணி போதும். உச்ச மின்னழுத்தத்தை 4.2-க்குப் பதிலாக 4.1 வோல்ட்டில் நிறுத்தும்படி மாற்றுச்சில்லின் தடைகளைத் தேர்ந்தால் கலத்தின் ஆயுள் நீளும்.

45 பாகை செல்சியஸுக்கு மேல் லித்தியம் கலத்தில் மின்னேற்றுவது கூடாது. சித்திரை வைகாசி வெயில் ஜன்னல் கண்ணாடியினூடே நேரே விழும் இடத்தில் கருநிறத் தகடு எளிதில் அந்த எல்லையைக் கடந்துவிடும். ஆகவே கலத்தைத் தகட்டுக்கு நேர்கீழே வைக்காமல், இடக்கோடியில் காற்றோட்டமுள்ள ஒரு சிற்றறையில் வையுங்கள். பலகையை நேர்வெயிலில் காயவிடாமல், வெயில் சிதறி விழும் ஜன்னலோரத்தில் வையுங்கள்.

ஓய்வில் ஒன்றும் கேளாத விசை

இயந்திர விசையை ஏன் விரும்புகிறோம் என்பதற்கு விரல் சொல்லும் காரணம் ஒன்று. மின்கணக்கு சொல்லும் காரணம் மற்றொன்று. காந்தப் புலத்தை உணர்ந்தோ ஒளிக்கற்றை மறைவதைக் கண்டோ வேலை செய்கிற நவீன விசைகள், தட்டப்படாத போதும் விழித்துக் காவலிருக்க மின்சாரம் கேட்கின்றன. இரண்டு உலோகத் துண்டுகள் தொட்டு விலகுகிற பழைய முறையிலான இயந்திர விசையோ, தட்டப்படும் வரையில் எதுவும் கேட்பதில்லை. பழைமையே இங்கே சிக்கனமாக அமைகிறது.

1980களில் ஜெர்மனியில் செர்ரி நிறுவனம் வகுத்த எம்எக்ஸ் அமைப்பை இன்று பல நிறுவனங்கள் செய்கின்றன. விசை கீழிறங்கும் தூரம் 4 மி.மீ.; பாதியில், அதாவது 2 மி.மீ.-இல், தொடுகை நிகழும். ஒரு விசையின் நடுவுக்கும் அடுத்ததன் நடுவுக்கும் 19.05 மி.மீ. தாங்கு தகட்டில் வெட்டவேண்டிய துளை 14 மி.மீ. சதுரம்; தகட்டின் கனம் 1.5 மி.மீ. மரத்தை இவ்வளவு மெல்லியதாக இழைத்துத் தாங்கு தகடாக்க முயல வேண்டாம். துளைகளின் மூலைகளில் பிளந்துவிடும். கண்ணாடி இழைப் பலகை நன்று. ஏன் உலோகம் வேண்டாம் என்பதைச் சற்றுப் பின்னர்ச் சொல்கிறேன்.

68 விசைகளுக்கும் தனித்தனிக் கம்பி இழுக்க, அடுத்துச் சொல்லப்போகிற கட்டுப்பாட்டுச் சில்லில் இடமில்லை. எட்டுக் கிடைவரிசை, ஒன்பது நெடுவரிசை என்று வலைபோல் கோத்தால் 72 சந்திகள் கிடைக்கும். சில்லின் 17 கால்கள் போதும். இந்த வலையில் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளை ஒருங்கே அழுத்தினால், அழுத்தாத நான்காவது மூலையும் அழுத்தப்பட்டதாகச் சில்லுக்குத் தோன்றும். அந்தப் பொய்த்தோற்றத்தைத் தடுக்க ஒவ்வொரு விசைக்கும் 1என்4148 என்ற டையோடு ஒன்று வேண்டும். கறுப்புப் பட்டை எல்லாவற்றிலும் ஒரே பக்கம் இருக்கட்டும். ஒன்று திரும்பியிருந்தாலும் அந்த விசை ஊமையாகும்.

தமிழில் எழுதுகிறவர்கள் தமிழ்99 முறைக்கென்று தனி வலை கோக்க வேண்டுமா என்று கேட்பதுண்டு. வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா, தமிழின் எழுத்துப் பெருக்கத்தைத் தட்டச்சு இயந்திரத்தின் அளவான விசைகளுக்குள் அடக்கும் பொருட்டு அரும்பாடு பட்டார். அவர் இயந்திரத்தில் செய்ததை இன்று கணினியின் மென்பொருள் செய்துவிடுகிறது. 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99, உயிரெழுத்துகளை இடக்கைக்கும் மெய்களை வலக்கைக்கும் பகிர்ந்து, இரு கைகளும் மாறி மாறி உழைக்க வைக்கிறது. விசைமூடிகளில் தமிழ் எழுத்துகளைப் பொறித்துக்கொள்வது ஒன்றே நம் வேலை.

உறங்கத் தெரிந்த சில்லு

நார்வே நாட்டு நார்டிக் செமிகண்டக்டர் நிறுவனத்தின் என்ஆர்எஃப்52840 சில்லு, கம்பியில்லா விசைப்பலகைகளைத் தாமே செய்கிறவர்களிடையே பிரதானமாக வழங்குகிறது. அதற்கு உயிரூட்டும் நிரலாக ஸெட்எம்கே என்னும் திறந்த மூல நிரலைப் பரிந்துரைக்கிறேன். கம்பியில்லாப் பலகைகளை மனத்திற்கொண்டே அது எழுதப்பட்டது.

இந்தச் சில்லின் மேன்மை அதன் வேகத்தில் இல்லை, உறக்கத்தில் இருக்கிறது. விசைகளை வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை சென்று சென்று பார்த்துவருகிற காவற்காரனைப்போல் ஓயாமல் வலையைத் துழாவும் நிரல், சிறு வருமானத்தைச் சுற்றித் திரிந்தே தீர்த்துவிடும். நல்ல நிரலோ எல்லா நெடுவரிசைகளிலும் மின்னழுத்தத்தை நிலைநிறுத்திவிட்டு, கதவு தட்டும் ஓசை கேட்டால் மட்டும் எழுகிற வீட்டுக்காரனைப்போல் கண்ணயர்ந்திருக்கும். ஏதேனும் ஒரு விசை தொட்டவுடன் விழித்து, எது என்று கண்டறிந்து, செய்தியை அனுப்பிவிட்டு மீண்டும் படுத்துக்கொள்ளும். பதினைந்து நிமிடம் எவ்விசையும் தட்டப்படாவிட்டால் புளூடூத் தொடர்பையும் விட்டுவிட்டு ஆழ்ந்து உறங்கும்படி நிரலின் அமைப்புக் கோப்பில் குறித்துவையுங்கள். அந்த உறக்கத்திலிருந்து எழும் முதல் விசை சில சமயம் கணினியை எட்டாமல் போகும்; எழுதத் தொடங்குமுன் ஒருமுறை இடைவெளி விசையைத் தட்டி எழுப்பிக்கொள்வது சிறு பழக்கமே.

பையில் வைத்துக்கொண்டு ஊர் போகும்போது ஒரு புத்தகத்தின் முனை ஏதாவது விசையை அழுத்திக்கொண்டே வருமானால், சில்லு உறங்கவே மாட்டாது. அழுத்திய விசையின் வழியே உள்தடையில் 250 மைக்ரோ ஆம்பியர் அளவு ஓடிக்கொண்டேயிருக்கும். ஆகையால் சில்லுக்குப் போகும் மின்சாரத்தை அடியோடு நிறுத்த ஒரு சிறு நகர்த்து ஸ்விட்ச் பின்விளிம்பில் அவசியம் வேண்டும். மாற்றுச்சில்லையும் மின்கலத்தையும் இணைக்கும் வழி மட்டும் அதனால் அறுபடலாகாது. நிறுத்தியிருக்கும் போதும் பலகை ஒளியை ஈட்டிக்கொண்டிருக்கட்டும்.

புளூடூத் அலைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகள். அவற்றின் நீளம் ஏறத்தாழ 12.5 செ.மீ. உலோகம் அருகில் இருந்தால் அலைகள் தடுமாறும். தடுமாறிய செய்தியைச் சில்லு மறுபடி மறுபடி அனுப்பும். அனுப்பும் ஒவ்வொரு முறையும் செலவு. உலோகத் தாங்கு தகட்டை விலக்கச் சொன்னதன் காரணம் இதுவே. சில்லின் அலைவாங்கி வலக்கோடியில், மின்கலத்துக்கும் சூரியத் தகட்டின் இணைப்புக் கம்பிகளுக்கும் விலகி, மரச் சட்டத்தை ஒட்டி அமையட்டும். உலர்ந்த மரம் அலைகளுக்கு வழிவிடும். மரச் சட்டம் அழகுக்கு மட்டும் அன்று. கருவியின் குரல் வெளியே செல்லும் ஜன்னலும் அதுவே.

மரத்தின் சுபாவம்

மரம் வெட்டுண்டபின்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் பருக்கும், வறண்டால் சுருங்கும். இழையோட்டத்தின் நீளவாக்கில் இந்த மாறுதல் இல்லையென்றே சொல்லலாம், குறுக்குவாக்கில் உண்டு. கோடைக்கும் மழைக்காலத்துக்கும் இடையே மரத்தின் ஈரம் நான்கு விழுக்காடு மாறினால், 30 மி.மீ. அகலமுள்ள தேக்குச் சட்டம் ஏறத்தாழ 0.2 மி.மீ. பருத்துச் சுருங்கும். இது கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆனால் இறுக ஒட்டப்பட்ட கண்ணாடித் தகடு உடைவதற்குப் போதிய அளவு. என் முதல் பலகையில் முழு மேற்புறத்தையும் ஒரே அகலப் பலகையாக இழைத்து, அதில் தகடுகளை நேரே ஒட்டிவிட்டேன். ஐப்பசி மழையின் இரண்டாம் வாரத்தில் தகடுகளில் ஒன்று குறுக்கே விரிந்துபோயிற்று. அன்று கற்றதை இங்கே விதியாக எழுதுகிறேன். இழையோட்டம் எப்போதும் சட்டத்தின் நீளவாக்கில் ஓட வேண்டும். சட்டத்தை உடலோடு பிணைக்கும் திருகாணித் துளைகள் குறுக்குவாக்கில் சற்று நீண்ட துளைகளாக இருக்க வேண்டும். சூரியத் தகடுகளை மரத்தில் ஒட்டாமல், கண்ணாடி இழைப் பலகையில் ஒட்டி, மரத்துக்கும் அவற்றுக்கும் நடுவே அரை மி.மீ. இடைவெளி விட வேண்டும்.

எந்த மரம் என்றால், பழைய தேக்குக்கு நிகர் வேறில்லை. செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்கு நிலைகளும் தூண்களும் நிறைந்திருந்தன; இடிக்கப்பட்ட வீடுகளின் மரம் காரைக்குடிக் கடைகளில் இன்றும் விலைக்கு வருகிறது. பல ஆண்டுகள் காய்ந்த மரம் இனித் திருகாது. இழைக்குமுன் ஒரு காந்தத்தை நெடுகத் தடவிப் பாருங்கள்; உள்ளே ஒடிந்து நிற்கும் ஆணி ஒன்று இழைப்புளியின் வாயைக் கெடுத்துவிடும். பலா மரமும் நன்று. தஞ்சாவூர் வீணைக்கு அதுவே உடல், மஞ்சள் நிறம் நாளாக நாளாகப் பழுப்பேறி அழகு பெறும். வேம்பும் பூவரசும் எளிதில் கிடைக்கும். ஈட்டி மரம் கண்ணைக் கவரும். ஆனால் அதன் இனம் முழுவதும் 2017 முதல் சர்வதேச வாணிபக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. வந்த வழி தெரியாத ஈட்டியை வாங்காதீர்கள். எந்த மரமானாலும் வைரம் பாய்ந்த பகுதியையே எடுங்கள். வெளிறு பூச்சிக்கு இரையாகும்.

உப்புத்தாளில் 120, 180, 240, 320 என்ற எண்வரிசையில் இழைவாக்காகத் தேய்த்தபின், ஆளிவிதை எண்ணெயை மெல்லிய துணியில் தொட்டுப் பூசி, அரைமணி கழித்து மிகுதியைத் துடைத்து, நன்றாக உலரவிட்டு, இவ்வாறு மூன்று முறை செய்யுங்கள். இறுதியில் தேன்மெழுகு. வீட்டில் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெயைப் பூச வேண்டாம். அது உலர்வதேயில்லை, பிசுக்கேறிச் சிக்கு நாற்றம் வீசும். அரக்குப் பூச்சு பளபளக்கும். வியர்வை படும் கைப்புறத்தில் நிலைக்காது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயப்போடுங்கள் அல்லது தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

வேலையின் வரிசை

முதலில் வலையைக் கோத்து, சில்லைப் பொருத்தி, யூ.எஸ்.பி. கம்பியின் மூலம் 68 விசைகளும் பேசுகின்றனவா என்று பாருங்கள். இரண்டாவதாக மின்கலத்தை இணைத்து, கம்பியை நீக்கி, புளூடூத்தில் ஒரு வாரம் எழுதுங்கள். மூன்றாவதாக மாற்றுச்சில்லையும் தகடுகளையும் தனியே மேஜையில் பரப்பி, வேறொரு மின்கலத்தில் மின்னேறுகிறதா என்று அளந்து உறுதி செய்யுங்கள். மின்கலத்தின் நேர்முனையும் எதிர்முனையும் மாறாதபடி இருமுறை பாருங்கள். இந்த ஒரு தவறு சில்லையும் கலத்தையும் ஒருங்கே கொல்லும். நான்காவதாகத்தான் இரண்டையும் இணைப்பது. மரவேலை கடைசி. மரத்தை முதலில் முடித்துவிட்டால், உள்ளே ஒரு பிழை திருத்த ஒவ்வொரு முறையும் மெருகேறிய சட்டத்தைக் கழற்றிப் பூட்டித் திருகாணித் துளைகள் தேய்ந்துபோகும்.

சோதனை

பலகை முடிந்தபின் மூன்று சோதனைகள். ஒளிமானியால், அதில்லாவிட்டால் கைப்பேசியின் ஒளி உணரியால், பலகை இருக்கும் இடத்தில் காலை, நண்பகல், மாலை, இரவு நான்கு வேளையும் லக்ஸ் எடுத்து எழுதுங்கள். ஜன்னலிலிருந்து இரண்டடி விலகினால் எவ்வளவு குறைகிறது என்று கண்டு வியப்பீர்கள். அடுத்து, உறக்கத்திலும் தட்டச்சிலும் எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்று அளந்து, தொடக்கத்தில் நான் தந்த எண்களை அடித்து உங்கள் எண்களை எழுதுங்கள். உறக்கத்தில் நூறு மைக்ரோ ஆம்பியருக்கு மேல் போனால் ஏதோ ஓர் உறுப்பு உறங்காமல் விழித்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது அணைக்க மறந்த ஒரு விளக்காகவோ மூடாமல் விட்ட ஒரு மின்வழியாகவோ இருக்கும். மூன்றாவதாக, தகடுகளைத் துணியால் மூடி ஏழு நாள் வழக்கம்போல் எழுதி, தொடக்கத்திலும் முடிவிலும் மின்கலத்தின் மின்னழுத்தத்தைக் குறியுங்கள். பிறகு துணியை எடுத்துவிட்டு இன்னும் ஏழு நாள். இந்த இரு வாரங்களின் வித்தியாசமே உங்கள் தகட்டின் உண்மையான சம்பாத்தியம்.

தகட்டின் கண்ணாடியை வாரத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள். தூசி படிந்த தகடு வரவைக் குறைக்கும். மரத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை, பங்குனியில், தேன்மெழுகு இடுங்கள். சில ஆண்டுகளில் மின்கலம் தளரும். ஆகையால் அதை ஈயம் வைத்துப் பற்றாமல் செருகியில் பொருத்தியிருந்தால் மாற்றுவது கால்மணி நேர வேலை. விசை பழுதானாலும் சட்டம் கீறினாலும் அதை மட்டும் மாற்றலாம். எதையும் எறியாமல் எல்லாவற்றையும் திருத்திக்கொள்ளத்தக்கதாகச் செய்யப்படும் கருவியே நெடுங்காலம் நம்மோடு வாழும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

வாசகர்களுக்கு நான் சொல்லிக்கொள்வது ஒன்றே. தகட்டையும் மரத்தையும் விசைகளையும் வாங்கக் கடைக்குப் போகுமுன், உங்கள் மேஜையின் வெளிச்சத்தை ஒரு வாரம் அளந்து, ஒரு தாளில் வரவையும் செலவையும் எழுதுங்கள். அந்தத் தாள் சரியாக அமைந்துவிட்டால் பலகையும் சரியாகவே அமையும்.